பூவோடு ஏந்திய கை

முருகன் துணை

திருப்பூர்
21-5-1966

கல்கத்தாவில் இருக்கும் என் மகன் வேலுமணிக்கு அப்பன் சென்னியப்பன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே உன் உடம்பையும் சென்னிமலையான் அப்படியே வைத்திருக்கட்டும். உன் சம்சாரம் மருதம்மாளும் நன்றாக இருக்கிறாள் என்று அடுத்த வரியை எழுதப் போனேன், அந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. அதனால் முதலில் சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நீ செய்தது தப்பு. கட்டிய பெண்டாட்டியை அவள் அப்பன் வீட்டுக்கு அனுப்பிவிடும்படி, அங்கே பனியன் சரக்கு இறக்கிவிட்டு ஊர் திரும்பிய அப்புசாமியிடம் வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பினாயே, அது தப்பு. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் சொன்னது அதைவிடப் பெரிய தப்பு. அந்த அப்புசாமி நம் வீட்டுக்கு வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னானா என்றால் அதுவும் இல்லை. ஸ்டேஷன் ரோட்டு டீக்கடையில் நாலு பேர் இருக்கும்போது கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னான், உங்க பையன் ஆடிக்கு வரானாமுங்க, அதுக்குள்ள அம்மிணிய ஊத்துக்குளிக்கு அனுப்பிப்போடச் சொன்னானுங்க என்று. நான் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து வந்தேன். இங்கிருந்து எவனோ உனக்கு ஒன்றுக்கு ஒன்பதாக எழுதியிருக்கிறான். எவன் என்று நான் கேட்கப் போவதில்லை. ஆனால் அவன் எழுதியதை நம்பினாயே, இத்தனை வருஷம் என் கையெழுத்தைப் பார்த்தவன், அப்பனுக்கு ஒரு கார்டு போட்டு நடந்தது என்ன என்று கேட்கத் தோன்றவில்லையே. நான் பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காதவன், பனியன் பெட்டியில் ஒட்டுகிற சீட்டைக் கூட்டிக் கூட்டிப் படித்து எழுத்துக் கற்றவன்தான். ஆனாலும் பார்த்ததைப் பார்த்தபடி எழுத எனக்குத் தெரியும். புரியாததைப் புரியவில்லை என்று எழுதவும் தெரியும். இந்த விஷயத்தில் புரியாததுதான் அதிகம்.

நடந்தது இதுதான். போன ஐப்பசியில் நீ அங்கே விஷக்காய்ச்சலில் படுத்து, உன் சேட்டு தந்தி அடித்தபோது, மருதம்மாள் மாரியாத்தாளுக்கு வேண்டிக்கொண்டாள், நீ எழுந்துவிட்டால் பங்குனியில் பூவோடு எடுக்கிறேன் என்று. இது உனக்குத் தெரியுமோ தெரியாதோ. நீ எழுந்தாய். அவளும் சொன்னபடி விரதம் இருந்து, மஞ்சள் சேலை கட்டி, சட்டியில் கனல் போட்டு எடுத்தாள். பூவோடு எடுக்கிறவர்கள் எப்படி எடுப்பார்கள் என்று உனக்கே தெரியும். சட்டிக்கு அடியில் வேப்பிலையைக் கற்றையாக வைத்துக்கொண்டு, இந்தக் கைக்குக் கொஞ்ச நேரம் அந்தக் கைக்குக் கொஞ்ச நேரம் என்று மாற்றி மாற்றித்தான் கோயிலைச் சுற்றுவார்கள். இவள் கைக்கு அடியில் இருந்த வேப்பிலை பாதி வழியில் நழுவி விழுந்துவிட்டது. இவள் நிற்கவில்லை, கை மாற்றவும் இல்லை. சட்டியை வலது கையில் சுண்டு விரல் பக்கமாகச் சாய்த்து வைத்துக்கொண்டு, ஏதோ பூக்கூடையைத் தூக்கிப் போகிறவள் மாதிரி போனாள். பம்பை அடிக்கிறவர்களே அடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பூசாரி இறங்கி வந்து அவள் நெற்றியில் திருநீறு போட்டான். பெரிய பெரிய பொம்பளைகளெல்லாம் அவள் காலில் விழுந்தார்கள். எதிர்வீட்டு ரங்காத்தாள் தன் பேரனைக் கொண்டுவந்து அவள் காலடியில் கிடத்தினாள். உன் அம்மா அழுதுவிட்டாள். என் மருமகள் சோற்றுப் பானையையே துணி பிடிக்காமல் இறக்குகிறவள், அப்பவே எனக்குத் தெரியும், அவள் கையில் ஆத்தா இருக்கிறாள் என்று வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் இருந்தது, அதை மறைத்து என்ன.

அந்தக் கூட்டத்தில் ஒருவன் மட்டும் அவள் முகத்தைப் பார்க்காமல் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். ராசப்பன் என்று பேர், தாராபுரத்துப் பையன். தாராபுரம் ரோட்டில் பழைய பஞ்சுக் கிடங்கில் ஒரு சேவா சங்கம் வைத்திருக்கிறார்கள், குஷ்டரோகத்துக்கு மருந்து கொடுக்கிற சங்கம், அதில் வேலை செய்கிறவன். அவள் சட்டியை இறக்கிவைத்ததும் கிட்டே போய், அம்மிணி, கை எரியலீங்களா என்று கேட்டான். எரியலீங்க என்று இவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவன் போய்விட்டான்.

மறுநாள் காலையில் அந்தச் சங்கத்து ஜீப் நம் வாசலில் வந்து நின்றது. இது அவர்கள் செய்த தப்பு. அந்த ஜீப் எந்த நோய்க்காரனைத் தேடி எந்த ஊருக்குப் போகிறது என்பது இந்தப் பக்கத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும். அது ஒரு வாசலில் நின்றால் அந்த வீட்டைப் பற்றி வாயைத் திறந்து யாரும் சொல்ல வேண்டியதில்லை. முந்தின நாள் காலில் விழுந்த தெருவெல்லாம் கதவிடுக்கில் நின்று பார்த்தது. நான் வெளியே வந்து, வண்டியை எடுடா என்று கத்தினேன். ராசப்பன் இறங்கி, கத்துங்க, ஆனா அம்மிணி கையை ஒருக்காப் பாத்துட்டுப் போயர்றனுங்க என்றான். அதற்குள் உன் அம்மா உள்ளேயிருந்து வந்து என் காதில் சொன்னாள், சுண்டு விரல் பக்கம் முழுவதும் கொப்புளமாக இருக்கிறது, அது தெரியாமல் இவள் அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டிருக்கிறாள் என்று. அதைக் கேட்டபின் எனக்குக் கத்த வரவில்லை.

அவன் அவளைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னான். ஒரு கோழி இறகை எடுத்து அங்கங்கே தொட்டான், தொட்ட இடத்தை இவள் மற்றக் கை விரலால் காட்ட வேண்டும். இடது கையில் காட்டினாள். வலது கையில் கட்டை விரலைக் காட்டினாள். சுண்டு விரலையும் அதற்கு அடுத்த விரலையும் அந்தப் பக்கத்து உள்ளங்கையையும் அவன் எத்தனை தரம் தொட்டாலும் இவள் பேசாமல் உட்கார்ந்திருந்தாள், எப்பத் தொடுவீங்க என்று கேட்டாள். முழங்கைக்கு மேலே ஒரு வெளுத்த படை இருக்கிறதல்லவா, நாமெல்லாம் தேமல் என்று விட்டது, அதிலும் தெரியவில்லை. முழங்கைக்குப் பின்னால் நரம்பு கயிறு மாதிரி தடித்திருக்கிறது என்றான். இறகில் ஏதோ சூது என்று எனக்குப் பட்டது. என் கையை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டேன், எனக்குத் தொட்டது எல்லாம் தெரிந்தது. அப்போதும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. சாயங்காலம் அவர்கள் போனபின், நம் மிஷினில் ஓடுகிற நூலில் ஒரு முழம் அறுத்து உன் அம்மாவிடம் கொடுத்து, நீ தொடு என்றேன். மருமகள் கையை மாமனார் பிடித்துப் பார்க்கிற வழக்கம் நம்மிடம் இல்லையே, அதனால் நான் கதவுக்கு இந்தப் பக்கம் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, தெரியுதா கண்ணு, தெரியுதா கண்ணு என்று கேட்டுக்கொண்டிருந்தேன். இல்லீங்க மாமா, இல்லீங்க மாமா என்று உள்ளேயிருந்து சொல்லிக்கொண்டே வந்தாள். அப்புறம் கேட்டாள்:

"அப்போ என்னை ஆத்தா காப்பாத்தலீங்களா மாமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை. ஆத்தா அருள்தான் என்றால் கொப்புளம் எதற்கு வந்தது. வியாதிதான் என்றால், அவள் வேண்டிக்கொண்டதும் நீ எழுந்து உட்கார்ந்தாயே, அது யாரால். இரண்டும் ஒரே கையில் எப்படி இருக்கும். பூசாரியைக் கேட்டேன், அவன் அந்தச் சங்கத்துக்காரன் கண் பட்டுவிட்டது என்கிறான். ராசப்பனைக் கேட்டேன், அவன் சாமி விஷயம் எனக்குத் தெரியாதுங்க, நரம்பு விஷயம் மட்டும்தான் தெரியுமுங்க என்கிறான். இரண்டு பேர் பேச்சும் எனக்குப் போதவில்லை.

இந்தச் சங்கத்து ஆட்களே எனக்குப் பிடிபடவில்லை. நீங்க சர்க்காரா என்று கேட்டேன், இல்லை என்றான். மிஷனா என்றேன், அதுவும் இல்லை, எங்களில் வேதக்காரரும் இருக்கிறார், பாயும் இருக்கிறார், சாமி கும்பிடாதவரும் இருக்கிறார் என்றான். எந்தக் கட்சி என்றேன், சிரித்தான். ஜீப்பும் மருந்தும் எங்கோ சீமையில் யாரோ கொடுத்ததாம், பெட்ரோலுக்கு இங்கே பனியன் கம்பெனிக்காரர்கள் கொடுக்கிறார்களாம், பொம்பளைகள் வீடு வீடாகப் பிடி அரிசி வாங்கிக் கொடுக்கிறார்களாம். பெயருக்கு ஒரு சம்பளம், அதை வைத்துக்கொண்டு இவன் ஊர் ஊராகப் போய்ப் பார்க்கிறவன் கையையெல்லாம் பிடித்துப் பார்த்துக்கொண்டு திரிகிறான். யார் என்று தெரியாத சீமைக்காரனுக்கு மருதம்மாள் சுண்டு விரலைப் பற்றி என்ன கவலை என்று எனக்கு விளங்கவில்லை. ஓட்டும் கேட்கவில்லை, மதம் மாறச் சொல்லவும் இல்லை, ஒன்றும் வேண்டாதவனை நான் எதைக்கொண்டு எடைபோடுவது.

இரண்டாம் முறை அவன் மாத்திரை கொண்டுவந்தபோது உன் அம்மா காப்பி போட்டாள், மருதம்மாள் கொண்டுவந்து வைத்தாள். அவன் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டான். எனக்கு வந்த கோபம் அப்படி ஒரு கோபம். எங்கள் கையை ஊருக்கு முன்னால் பிடித்துப் பார்ப்பாய், அந்தக் கையால் கொடுத்தால் குடிக்க மாட்டாயா என்று கேட்டேன். அப்படியில்லீங்க, சங்கத்துச் சட்டமுங்க, மருந்து குடுக்கிற ஊட்டுல பச்சத் தண்ணிகூட வாங்கக் கூடாதுங்க, காப்பிக்காக வர்றோம்னு பேசுவாங்க என்றான். உங்க சங்கத்துச் சட்டம் உங்க ஆபீசுல, இது என் ஊடு, குடிக்காம இந்த வாசலத் தாண்ட முடியாது என்று நான் கதவை மறித்து நின்றேன். அவன் என்னைப் பார்த்தான், கிளாசைப் பார்த்தான். பிறகு எடுத்துக்கொண்டு வெளியே போய் ஜீப்பில் சாய்ந்து நின்று குடித்தான். அவன் வேண்டுமென்று தெருவில் நின்று குடித்தானா, சட்டத்தில் வீட்டுக்குள் என்று மட்டும்தான் இருக்கிறதா, அதையும் நான் அறியேன். தெரு முழுக்கப் பார்த்தது. அதற்கு முந்தின வாரம்தான் ரங்காத்தாள் நம்மிடம் வாங்கிப் போன முறுக்குப் பிழிகிற உழக்கைச் சாம்பல் போட்டுத் துலக்கி, உள்ளே வராமல் சுவர்மேல் வைத்துவிட்டுப் போயிருந்தாள். இப்போது அவள் கொல்லைப்புறமாக வந்து, அந்தச் சங்கத்துப் பையன் மறுபடி என்னைக்கு வருவான் என்று உன் அம்மாவைக் கேட்டாள். எதற்கு என்று உன் அம்மாவும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

உன் அம்மாவை நீ தப்பாக நினைக்காதே. அவளுக்கு ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் கூடப்பிறந்த தம்பி பெற்ற பெண். ராசப்பன் இது அடுத்தவருக்கு ஒட்டுகிற வகை இல்லை என்று எத்தனை சொன்னாலும், மருதம்மாளுக்கு என்று ஒரு அலுமினியத் தட்டைத் தனியாக எடுத்து வைத்தாள். அன்றைக்கு ராத்திரி முதல் அந்தத் தட்டில் நான் சாப்பிடுகிறேன். மருதம்மாளுக்கு என் பித்தளை வட்டில் போய்விட்டது. உன் அம்மா என்னோடு சண்டை போட்டுப் பார்த்தாள், இப்போது சண்டையும் நின்றுவிட்டது, தட்டும் எனக்குப் பழகிவிட்டது.

இதற்குள் அப்புசாமி சொன்னது ஊத்துக்குளிக்கும் போய்விட்டது. உன் மாமன் ஆறுமுகசாமி வழக்கம்போல வெண்ணெய்ச் சட்டியோடு வந்தார், ஆனால் வழக்கம்போலப் பேசவில்லை. சட்டியை வைத்துவிட்டு, என் பொண்ண நான் கூட்டிக்கிறனுங்க மாமா, மாப்பிள்ளைக்கு வேண்டாதது உங்களுக்கு எதுக்குப் பாரம் என்றார். மருதம்மாள் உள்ளே பெட்டியில் சேலையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள், அவளே கிளம்பிவிட்டாள். அந்த நேரம் பார்த்து ராசப்பன் வந்து சேர்ந்தான். ஊத்துக்குளி என்று கேட்டதும் அவன் முகம் மாறிவிட்டது. அந்தப் பக்கம் இன்னும் எங்க ஜீப் போறதில்லீங்க, ஆளும் இல்லை, மருந்தும் பத்தாது, வாரா வாரம் மாத்திரை தவறாமப் போகணுமுங்க என்றான். தவறினால் என்ன ஆகும் என்று உன் மாமன் கேட்டார். அவன் தன் சுண்டு விரலையும் அடுத்த விரலையும் உள்ளே மடக்கிக் காட்டினான், இப்படியே நின்னு போயிருமுங்க என்றான். மாத்திரை தின்றால் உணர்ச்சி திரும்புமா என்று நான் கேட்டேன். விரல் மடங்காதுன்னு சொல்ல முடியுமுங்க, உணர்ச்சி திரும்புமான்னா தெரியலீங்க என்றான். தெரியவில்லை என்று சொன்னதால் அவன் மேல் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது, நானும் அந்த நிலைமையில்தானே இருக்கிறேன்.

ஆக நீ டீக்கடை வழியாகச் சொல்லி அனுப்பியது வெறும் வார்த்தை இல்லை, அவளுடைய இரண்டு விரல். அவள் ஊத்துக்குளிக்குப் போனால் மாத்திரை நிற்கும், மாத்திரை நின்றால் அந்தக் கை போகும். உனக்காகக் கனல் ஏந்திய கை. அந்தக் கையைச் சுடாமல் வைத்தது ஆத்தாவோ நரம்போ, யாருக்காக அவள் அதை ஏந்திப் போனாள் என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. உன் மாமனிடம், பெண் இந்த வீட்டுப் பெண், காலிச் சட்டியை எடுத்துக்கொண்டு போய்வா என்று சொல்லிவிட்டேன். அவர் அழுதுகொண்டே போனார். சந்தோஷமா வருத்தமா என்று பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

போகும்போது ராசப்பன் தயங்கித் தயங்கிச் சொன்னான், இனிமேல் ஜீப்பை முக்கில் அரிசி மில்லுக்குப் பக்கத்தில் நிறுத்துகிறேன், அம்மிணி அங்கே வந்து வாங்கிக்கொள்ளட்டும், தெருவில் பேச்சு வராது என்று. நான் முடியாது என்றேன். அன்னைக்கு வாசல்ல நிறுத்துனதுக்குக் கத்துனீங்களே என்றான். அன்றைக்குக் கேட்காமல் நிறுத்தினாய், கத்தினேன், இப்போது ஒளிந்துகொள்ளச் சொல்கிறாய், அதற்கும் கத்துவேன் என்றேன். இதில் எனக்கு நியாயம் இருக்கிறது, உனக்குப் படாவிட்டாலும் சரி.

அவன் சொன்னதில் இன்னொன்று இருக்கிறது, அதற்காகத்தான் இந்தக் கடிதம். அந்தக் கைக்குச் சூடும் வெட்டும் தெரியாததால், எங்கே அடிபட்டது என்று அவளுக்கே தெரியாதாம். தினமும் சாயங்காலம் வெளிச்சத்தில் ஒருவர் அந்தக் கையைப் பிடித்து, விரல் விரலாகத் திருப்பிப் பார்க்க வேண்டுமாம். காயம் இருந்தால் அன்றைக்கே கட்ட வேண்டும், விட்டால் அதுதான் விரலைத் தின்னுமாம், நோய் இல்லை. உன் அம்மா பார்க்கிறாள், அவளுக்குக் கண்ணில் பூ விழுந்திருக்கிறது, மனசும் பாதிதான் இதில் இருக்கிறது. நான் பார்க்கக்கூடாது. பார்க்க வேண்டியவன் கல்கத்தாவில் இருக்கிறான்.

ஆகவே யார் யார் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுகிறேன். மருதம்மாள் வாரா வாரம் மாத்திரையை விட்டுவிடாமல் சாப்பிட வேண்டும், பானையைத் துணி பிடித்துத்தான் இறக்க வேண்டும். அதற்குக் கம்பெனிக் கழிவுத் துணியை அடுக்கி நானே இரண்டு கைப்பிடி தைத்துக் கொடுத்திருக்கிறேன், கிழிந்தால் மறுபடி தைப்பது என் வேலை. உன் அம்மா தட்டைப் பிரிப்பதையும் அந்தக் கையைப் பற்றிப் பெருமை பேசுவதையும் இரண்டையும் நிறுத்த வேண்டும். ஆறுமுகசாமி முன்போல வெண்ணெய் கொண்டுவந்து பெண்ணைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும், கூட்டிக்கொண்டு போவதற்கு வரக்கூடாது. ராசப்பன் ஜீப்பை நம் வாசலில் நிறுத்த வேண்டும், காப்பி குடிக்க வேண்டும். அப்புசாமி எந்த டீக்கடையில் சொன்னானோ அதே கடையில் உட்கார்ந்து, வேலுமணி அப்படிச் சொல்லவில்லை என்று சொல்ல வேண்டும், அதற்கு அவனுக்கு நீ எழுத வேண்டும். நீ ஆடிக்குக் காத்திராமல் சேட்டிடம் லீவு கேட்டு வர வேண்டும். வந்து, ஸ்டேஷனிலிருந்து நேரே வீட்டுக்கு, எல்லோரும் பார்க்கிற வழியாக நடந்து வர வேண்டும். அன்றைக்குச் சாயங்காலமே அவள் கையைப் பிடித்து விரல் விரலாகத் திருப்பிப் பார்க்க வேண்டும், நீ இருக்கிற நாளெல்லாம் பார்க்க வேண்டும். இங்கேயே ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு இருந்துவிட முடியுமா என்று யோசிக்க வேண்டும்.

சென்னிமலை ஆண்டவன் உன்னையும் அவளையும் ஒரு கூரைக்குக் கீழே வைத்து நீண்ட ஆயுசு கொடுக்கட்டும், கண்ணு. என் ஆசீர்வாதம் உங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான், பிரித்துக் கொடுக்க என்னிடம் இல்லை. ஒன்றை மறந்துவிடாதே. ஆத்தாளுக்கும் எனக்கும் உள்ள கணக்கு எனக்கு இன்னும் விளங்கவில்லை, ஆனாலும் வேண்டுதலை நிறுத்தக் கூடாது. வருகிற பங்குனியில் பூவோடு நீ எடுக்க வேண்டும். வேப்பிலையை அடியில் நிறைய வைத்துக்கொள். உன் கைக்குச் சுடும். சுட்டால் கை மாற்றிக்கொள், மருதம்மாள் பக்கத்தில் வருவாள்.

இப்படிக்கு
உன் அப்பன்
சென்னியப்பன்